கத்தரி பட்ட இடம்

அந்த அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்தில் பதினோரு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆள் உயர அத்தி மரம், அழகுக்கு வளர்க்கிற சாதி. அவற்றைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் 'மர டாக்டர்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது, கட்டிகள் வரும்வரை.

இப்போது பதினோரு மரத்திலும் கட்டி. பட்டையைப் பிளந்துகொண்டு, சொரசொரப்பாக, சில நெல்லிக்காய் அளவு, சில மூடிய கை அளவு.

தண்ணீர் விடுகிறவன் உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டான் என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். தண்ணீர் விடுகிறவன் அவளுடைய தம்பி. அவள் சொல்லித்தான் அவனை வேலைக்கு எடுத்திருந்தார்கள். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லியாயிற்று.

"உர மூட்டையப் பிரிக்கவே இல்லக்கா. தைச்ச நூல்கூட அப்படியே இருக்கு. புளுகுறேன்கிறாரு. நீயாவது சொல்லேன்."

"பாக்கலாம்டா" என்றாள்.

சொல்லிப் பத்து நாளாகிறது.

அவன் கேட்ட அன்று மதியமே கூடம் காலியானபோது அவள் ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்திருந்தாள். கட்டி இருந்த இடமெல்லாம் அவள் வெட்டிய இடம். கத்தரி படாத கிளைகள் வழவழவென்று இருந்தன. நான்கு மாதத்துக்கு முன் ஜன்னலோர மரத்தில் சின்னதாக ஒரு முண்டு இருந்தது. அதைச் சீவி எறிந்தாள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மேலாளர் அவசரப்படுத்த, அதே கத்தரியால் மற்ற பத்தையும் ஒழுங்கு செய்தாள். பல் தேய்க்க மறந்தாலும் மரத்துக்கு மரம் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க மறக்காதவள். அன்றைக்குப் புட்டி காலி. ஒரு நாள்தானே என்று நினைத்தாள். நோயை அவளே மரம் மரமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

பத்து நாளும் தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். கடைசி நாள் மதியம் சீருடையை மடித்தபடி, "நம்ம ராசி, பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணி ஊத்துனாலும் வாடிரும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், அது உரம் இல்ல. என் கத்தரி."

எல்லாவற்றையும் சொன்னாள்.

"குணமாகுமா?"

"ஆகாது சார். மண்ணோட எடுத்து எரிச்சிரணும்."

"எடுத்துடுங்க. அவன் இருக்கட்டும். உங்க விஷயம் நாளைக்குப் பேசுவோம்."

வெளியே வந்து தம்பியிடமும் சொன்னாள். அவன் மடித்த சட்டையைப் பிரிக்கவில்லை.

"எப்போலேருந்து தெரியும்?"

"நீ கேட்ட அன்னைக்கே."

"பத்து நாள்க்கா" என்றான். "வீட்டுல எல்லாரும் என்னைத் திருடனப் பாக்குற மாதிரி பாத்தாங்க. நீயும் கூடவே உக்காந்து பாத்தே."

அவள் ஜன்னலோர மரத்தின் அடியில் மண்டியிட்டு ரம்பத்தை வைத்தாள். மரம் சாய்ந்தது. தொட்டியை மட்டும் அவளால் தனியே அசைக்க முடியவில்லை. சற்றுப் பொறுத்து அவன் வந்து மறுபக்கம் பிடித்தான். வாசல்வரை தூக்கிப் போனார்கள். வழி முழுக்க அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே இன்னும் பத்து இருந்தன.