மச்சான் குறட்டை

வீட்டிலிருந்த சிந்தசைசர் இசைப்பெட்டியை ஓட்டை உடைசல் என்று மனைவியிடம் பழிசொல்லி விற்றுவிட்டு, அதைவிட உசத்தியாக ஒன்று வாங்கிவருவதாகச் சத்தியம் செய்திருந்தான் லிஃப்ட் மெக்கானிக். பெட்டியைத் தூக்க மச்சானையும் இழுத்துக்கொண்டு, சிந்தசைசர் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்திருந்த பல் வைத்தியர் வீட்டுக்குப் போனான்.

வைத்தியர் தன் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, குமிழ்களையெல்லாம் பிடுங்கி வெள்ளையாக மாற்றியிருந்தார். பல் கட்டிய கிழவனைப் போல அது இளித்தது.

"பழைய சாமான் கடையில வாங்கினது. முன்னாடி வச்சிருந்தவர் சேமிச்ச சத்தம் ஒண்ணு இருக்கு, கேளுங்க" என்று கட்டையை அழுத்தினார். சத்தம் அடிவயிற்றிலிருந்து உறுமி, நடுவில் திணறி, விசிலில் முடிந்தது.

மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. ஒரு மாதம் விருந்தாட வந்த மச்சான் இசை அறையில் உருண்டு கிடந்தபோது, தூக்கம் கெட்ட கடுப்பில் மெக்கானிக்கே குமிழ் திருகி, அவனுடையதைப் போலவே உண்டாக்கிய குறட்டை அது. விற்ற பெட்டியையே விலைக்குக் கேட்க வந்திருக்கிறான்!

நழுவப் பார்த்தான். மச்சான் விடவில்லை.

"மாமா, இந்தச் சத்தத்துக்கே வாங்கலாம். புலி மாதிரி இருக்கு!"

தன் குறட்டையைத் தானே கேட்டவன் எவன் இருக்கிறான்? மெக்கானிக்குக்கும் விற்ற நாளிலிருந்து கை நமநமத்துக்கொண்டுதான் இருந்தது. வாங்கிவிட்டான்.

"பரவாயில்லையே, பழசைவிட லட்சணமா இருக்கு" என்றாள் வீட்டில் மனைவி. அவனுக்கு உயிர் வந்தது.

"அக்கா, இதைக் கேளு!" மச்சான் கட்டையை அழுத்தினான்.

அவள் தம்பியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, ஓட்டை உடைசல்னு வித்தீங்களே, என் தம்பியையும் உள்ள வச்சா வித்தீங்க?"