இன்னொரு தடவை சொல்லுங்க

என் வீட்டுக்காரருக்கு வாய்தான் சோறு போட்டது. அந்த வாயாலேயே சோற்றில் மண்ணையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர் அவர். குரலுக்காக ஊர் வைத்த பெயர் வெண்கலம். வீட்டில் அந்த வெண்கலத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் கோபத்தில் கத்தினால்கூட, "கடைசி வார்த்தை சரியா விழல, ரீடேக் போலாமா?" என்பார். ஆளை என்ன செய்ய!

அன்று திங்கட்கிழமை. நான் கடையில் ஒரு அம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்காலி போட்ட பியூட்டி பார்லர், பாதி எனக்கு, பாதி என் பங்காளிக்கு. சரிபாதிப் பங்கு போட்டவள் என்பதால் நான் அவளைப் பங்காளி என்று கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நிஜப் பங்காளிகள் வெட்டிக்கொண்டு சாவார்கள். நாங்கள் இத்தனை வருஷமும் வாய்ச்சண்டையோடு நிறுத்திக்கொண்டோம்.

அவளுடைய இனத்தார் பாட்டன் காலத்தில் கப்பலில் மூட்டை இறக்க வந்து இங்கேயே தங்கியவர்கள். நிறம் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். நாங்கள் மட்டும் என்ன, பாலில் குளித்தா பிறந்தோம்? முடி மட்டும் சுருள் சுருளாக இருக்கும். மற்றபடி எங்கள் பேச்சுதான், எங்கள் திட்டுதான் அவர்களுக்கும்.

முந்தின நாள் அந்த இனத்துப் பெண் ஒருத்தி முதல்முறையாக டிவியில் செய்தி வாசித்திருந்தாள். ரேடியோவில் என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நியூஸ் பாத்தீங்களா நேயர்களே? அந்தப் பொண்ணு தலைக்குச் சீப்பு பத்தாது, ஏர்தான் பூட்டணும்! செய்தி வாசிக்க வந்துச்சா, மூட்டை இறக்க வந்துச்சான்னே தெரியல!"

கூடவே, அவர் எப்போதும் தயாராக வைத்திருக்கும் சிரிப்புச் சத்தம்.

என் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. பக்கத்து நாற்காலியில் பங்காளி ஒரு பெண்ணுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, "பரவாயில்ல பங்காளி, வாய் தவறியிருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அடிபட்டவள் அவள், ஆறுதல் எனக்கு! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் பற்றிக்கொண்டது. ரேடியோ நிலையத்து வாசலில் கூட்டம். வந்தவர்கள் கல் எறியவில்லை, ஆளுக்கொரு சீப்பு எறிந்தார்கள். மறுநாள் கேட்டைத் திறக்க முடியாத அளவுக்குச் சீப்புக் குவியல். விளம்பரம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்தச் செய்திப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சுருள் முடியோடு வந்து செய்தியை வாசித்துவிட்டுப் போனாள்.

எதிர்த்தவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாராட்ட வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வாடிக்கைக்கார அம்மா, பங்காளியிடமே தலையைக் கொடுத்து ஷாம்பு போட்டுக்கொண்டு என்னிடம் சொல்கிறாள்: "உங்க வீட்டுக்காரர் உள்ளதைத்தானே சொன்னாரு? இதுக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"அம்மா, வாயை மூடுங்க. நுரை உள்ள போயிடும்" என்றேன். பங்காளி சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் தலையை வழக்கம்போலப் பதமாக அலசி, துடைத்து அனுப்பினாள்.

வீட்டில் இவர் முதலில் எகிறினார். "தமாஷுக்குச் சொன்னதுக்கு இவ்ளோவா? என் மனசுல ஒண்ணுமில்ல, உனக்குத் தெரியாதா?"

"மனசுல இல்லாததுதான் வாயில வந்துச்சாக்கும்!"

புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதோடு, அந்த இனத்தில் யாராவது ஒருவர் மன்னித்துவிட்டேன் என்று தன் குரலில் சொல்ல வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேலை இல்லை.

இவருக்கு ரேடியோவைத் தவிர ஒரு எழவும் தெரியாது. என்னைப் பார்த்தார். "தங்கச்சி சொல்லுவாளா?" பங்காளியை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"இப்பதான் தங்கச்சி ஞாபகம் வருதோ?" என்று பாய்ந்தேன். பாய்ந்தேனே தவிர, மறுநாள் காலை போய் அவளிடம் கேட்டேன். வீட்டு வாடகையும் மகனின் படிப்பும் கேட்க வைத்தன. அவள் கொஞ்ச நேரம் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு, "வரச் சொல்லு" என்றாள்.

மத்தியானம் வந்தார். ஷட்டரை இறக்கினார், மின்விசிறியை நிறுத்தினார், எதிரொலி வரக்கூடாது என்று மேஜைமேல் எங்கள் டவல்களை விரித்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டரைத் தட்டினார்.

"தங்கச்சி, நான் பேசினது தப்பு. அந்தப் பொண்ணை மட்டுமில்ல, உங்க எல்லாரையும் கேவலப்படுத்திட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

குரல் நடுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது வெண்கலம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை.

பங்காளி தன் கைகளைப் பார்த்தபடி, "பரவாயில்லண்ணே. விடுங்க" என்றாள்.

அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன். இவர் கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கினார்.

"லாரி ஹாரன் விழுந்துடுச்சு. தங்கச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சந்தோஷமா."

அட பாவி மனுஷா! ஹேர் டிரையரால் மண்டையில் போடலாமா என்று வந்தது எனக்கு. அவருக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது, அதற்கு ஹாரன்தான் கேட்டது.

பங்காளி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இன்னொரு தடவை வரலண்ணே. மொதல்ல வாய் தானாச் சொல்லிடுச்சு. சொல்லிச் சொல்லிப் பழகின வாய். ஸ்கூல்ல என் முடியில பென்சிலைச் சொருகி, நிக்குதான்னு பாத்துச் சிரிப்பாங்க. பரவாயில்லன்னேன். வீடு காலியா இருக்குன்னு போன்ல சொன்னவங்க, ஆளை நேர்ல பாத்ததும் வீடு இல்லன்னாங்க. அதுக்கும் பரவாயில்லன்னேன். இப்ப நீங்க ரெண்டாவது தடவை கேட்டப்பதான் யோசிச்சேன். எனக்கு வலிக்குதுண்ணே. அன்னைக்குச் சாயங்காலம் எம் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து, மொட்டை அடிச்சுவிடும்மான்னு என் முன்னாடி உக்காந்தா. ஊருக்கெல்லாம் தலை பின்னுற கை இது. எம் புள்ளை தலையை என்னண்ணே பண்ணட்டும்?"

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. இவர் ஹெட்போனைக் கழற்றினார். முகம் செத்துப்போயிருந்தது. "இதைப் போடலாமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"முழுசாப் போடுறதா இருந்தா போடுங்க. வெட்டிப் போடுறதா இருந்தா வேணாம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவரை எனக்குத் தெரியும். அந்த ஹாரனை எடுத்துவிட்டு, முதலில் வந்த 'பரவாயில்ல'வை மட்டும் வைத்துக்கொள்வது அவருக்கு டீ குடித்து முடிக்கிற நேரத்து வேலை. வீடு திரும்பியபோது அறையில் அந்த ரெக்கார்டரைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்டு என்றும் சொல்ல முடியவில்லை, வெட்டாதே என்றும் சொல்ல முடியவில்லை. சமைக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போனபோது பங்காளி முன்னமே திறந்து வைத்திருந்தாள். ரேடியோவை நான் தொடவில்லை. அவளே போட்டாள்.

"நேத்து ஒருத்தங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன் நேயர்களே. கேக்கும்போதுகூட நான் எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்களே கேளுங்க" என்றார்.

எல்லாம் வந்தது. நடுங்கின குரல் வந்தது, 'பரவாயில்லண்ணே' வந்தது, ஹாரன் வந்தது. 'இன்னொரு தடவை சொல்லுங்க, கொஞ்சம் சந்தோஷமா' என்று அவர் கேட்ட கேவலமும் வந்தது. பிறகு பங்காளி பேசினாள், கடைசி வார்த்தைவரை. அதற்குப்பின் சத்தமே இல்லை. இவர் மறுபடி பேச வாயெடுத்த இடத்தில் ஏதோ ஒரு சோப்பு விளம்பரம் வந்து விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அனுப்பிட்டாங்க. வாசல்ல நிக்கிறேன்" என்றார். போனை வைத்துவிட்டேன். டவலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பயமும் இருந்தது. பெருமையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பங்காளி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"வேலை?"

"போச்சு."

என் முதுகைத் தடவினாள். "நான் இன்னும் மன்னிக்கல. அதைச் சொல்லிட்டேன்."

"தெரியும் பங்காளி."

"தெரிஞ்சா சரி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மசமசன்னு நிக்காம போனைப் போடு. காலையில எதாவது சாப்பிட்டாரான்னு கேளு."