கார்டில் இருக்கிற பேர்

விமான டிக்கெட்டுகள் டி.வி. பெட்டியின் மேல், அந்தோணியார் படத்துக்குக் கீழே, கூரியர் உறையோடு இருந்தன. ஆபீஸிலிருந்து வந்த ஞானம் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. உறையைப் பிரித்தாள். முதல் டிக்கெட்டில் தம்பி கஸ்பாரின் பெயர். இரண்டாவதில் அவன் மனைவி ஜூடி. அடுத்த இரண்டில் பிள்ளைகள் ஜோவும் பிலோவும். ஞானம் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். வேறு டிக்கெட் எதுவும் விழவில்லை.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. தன்னுடையது தனியாக வருமோ, நாளைய கூரியரில் வருமோ என்று நினைத்தாள். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி நினைத்தோமே என்று பிற்பாடு அதற்காகவும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

அந்த கிரெடிட் கார்டு ஞானத்தின் பெயரில் இருந்தது. ரயில்வே ஆபீஸில் ஊழியர் குடும்பங்களுக்கு இலவசப் பயண பாஸ் எழுதும் கிளார்க், மாதம் பிறந்தால் சம்பளம் என்பதால் பேங்க்காரன் ஆபீஸுக்கே தேடி வந்து கொடுத்துவிட்டுப் போன கார்டு. கஸ்பாருக்குக் காசிமேட்டில் மீன்பிடிப் படகு இன்ஜின் உதிரி சாமான் வியாபாரம். காசு புழங்கும், ஆனால் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் எந்த பேங்க்கும் அவனைச் சீந்தவில்லை. ஆக, ராயபுரம் பனைமரத்தொட்டியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்ததும், வாஷிங் மெஷின் வந்ததும், கஸ்பாரின் கடைக்குப் பாரிமுனையிலிருந்து சரக்கு வந்ததும் அக்காவின் கார்டில்தான். தேய்த்தது அவன், கட்டியது அவள். கேட்டால் "நாளிக்குத் தரேன் யக்கா" என்பான். அந்த 'நாளிக்கு' எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை.

தேய்க்கத் தேய்க்க பேங்க் பாயிண்ட் கொடுத்தது. சேர்த்து வைத்தால் சாமான் வாங்கலாம், விமானத்திலும் போகலாம். ஜூடி அதில் டின்னர் செட் கேட்டாள். கஸ்பார் கைக்கடிகாரம் கேட்டான். "அதுல கை வெக்காதீங்க, அது கோவா சவேரியார பாக்கப் போறதுக்கு" என்று ஞானம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஜோவுக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. அப்போதுதான் பிலோவைப் பெற்றெடுத்துவிட்டு ஜூடி பச்சை உடம்போடு படுத்திருந்தாள். கஸ்பார் மருந்துக்கும் ரத்தத்துக்கும் அலைந்தான். பிள்ளையின் கட்டிலருகே ராப்பகலாக இருந்தவள் ஞானம். வாய் கோணி, கண் செருகிக் கிடந்த பிள்ளையைப் பார்த்து அவள் ஆஸ்பத்திரித் தரையில் முட்டி போட்டாள். "சவேரியாரே, இந்தப் புள்ளய பொழைக்க வெச்சிடும். அடுத்த தரிசனத்துக்கு நானே இவன இட்டுகினு வந்து உம்ம காலாண்ட இவன் பக்கத்துல முட்டி போடறேன்" என்று நேர்ந்துகொண்டாள். கோவாவில் அவருடைய திருவுடலைத் தரிசனத்துக்கு வைப்பது பத்து வருஷத்துக்கு ஒருமுறை. அது இந்த வருஷம், 2004. இதை விட்டால் அடுத்ததற்கு ஞானத்துக்கு அறுபத்திரண்டு வயது. முட்டி இப்போதே மாடிப்படியில் மடக் மடக்கென்கிறது.

கஸ்பார் வந்ததும் அவள் டிக்கெட்டுகளை அவன் முன்னால் வைத்தாள்.

"என் டிக்கெட் எங்கடா?"

"யக்கா, பாயிண்டு நாலு பேருக்குத்தான் வந்துச்சு. பேங்க்ல ஃபேமிலி ஸ்கீம்னு போட்டுக்கிறான். ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்க. நாங்க கரீட்டா நாலு பேரு."

"அப்ப நானு?"

"நீ தனி ஆளு. உனக்கு ரயில்வே பாஸ் கீது, எப்ப வோணா போயிக்கலாம்."

எப்போது வேண்டுமானாலும் என்றால், சவேரியார் என்ன பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாரா, நினைத்தபோது போய்ப் பார்ப்பதற்கு?

"நேந்துகினது நான்டா. இவன இட்டுகினு போறதா சொன்னது நானு."

கஸ்பார் சிரித்தான். கெட்ட சிரிப்பும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "புள்ள போவுது இல்ல? யாரு பக்கத்துல முட்டி போட்டா இன்னா யக்கா? ஜூடி போடுவா. அதுவும் இல்லாம வூட்ல ஒரு ஆளு வோணும். தண்ணி லாரி வந்தா கொடம் புடிச்சி வெக்கணும், நாய்க்கு சோறு வெக்கணும். நீ கீறன்னு நம்பித்தான் நாங்க கெளம்புறோம்."

ஜூடி அடுப்படியில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஜோ காகிதத்தில் விமானம் செய்து பிலோவின் தலைமேல் விட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் முன்னால் கத்த வேண்டாம் என்று ஞானம் அடக்கிக்கொண்டாள். அடக்கிக்கொண்டதுதான் அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. கஸ்பாரின் படிப்புக்கு அடக்கிக்கொண்டாள், அப்பாவின் வைத்தியத்துக்கு அடக்கிக்கொண்டாள், பெண் பார்க்க வந்தவர்களை "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியபோதும் அடக்கிக்கொண்டாள். வீட்டுக்குத் தூண் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். தூணை யாராவது ஊருக்கு அழைத்துப் போவார்களா?

மறுநாள் ஆபீஸில் பாஸ் எழுத உட்கார்ந்தாள். கணவன், மனைவி, மகன், மகள். யார் யாரோ வெளியூர் போக அவள் கை நாள் முழுக்கக் குடும்பம் குடும்பமாக எழுதித் தள்ளியது. தன் பாஸில் மட்டும் ஒரே ஒரு பெயர். இத்தனை வருஷம் அதில் ஒன்றும் உறுத்தியதில்லை. இப்போது ஒவ்வொரு பாஸும் உறுத்தியது. பேனாவை அழுத்திய அழுத்தில் கார்பனுக்கு அடியிலிருந்த தாள் கிழிந்தது.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பயண அமர்க்களம். கஸ்பார் சக்கரம் வைத்த பெட்டி வாங்கினான், கட்டம் போட்ட புதுச் சட்டை வாங்கினான். எதில் வாங்கினான் என்கிறீர்களா? கேட்கவே வேண்டாம். "யக்கா, கார்டு குடேன்" என்று வந்து நின்றான். பழக்க தோஷம், அவளும் எடுத்து நீட்டிவிட்டாள். அவன் படியிறங்கிப் போன பிறகுதான் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் விமானம். சனிக்கிழமை மத்தியானம் ஜூடி பிள்ளைகளோடு செருப்பு வாங்கக் கல்மண்டபம் போயிருந்தாள். ஞானம் தனியாக வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பேங்க்லேர்ந்து பேசறோம். மிஸ்டர் ஞானம் இருக்காரா?"

"இன்னா மிஸ்டரு? நான்தான் ஞானம் பேசறேன்."

அந்தப் பக்கம் பேசிய பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இல்ல மேடம், டிக்கெட்டுக்கு சார் ஒருத்தர்தான் பேசினார். ஞானம்னுதான் சொன்னார். கார்டு நம்பர் சொன்னார், பிறந்த தேதி சொன்னார். அம்மா பேர் கேட்டோம், அதையும் கரெக்டா சொன்னார்."

ஏன் சொல்ல மாட்டான்? இருவருக்கும் அம்மா ஒருத்திதானே! சூசையம்மாள் பெற்ற இரண்டில் ஒன்று, தன் வாயாலேயே "நான்தான் ஞானம்" என்று இன்னொன்றின் பாயிண்ட்டை எடுத்திருக்கிறது. செத்துப்போன அம்மாவின் பெயரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு எடுத்திருக்கிறது. ஞானத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மீன் செதில் ஒட்டிய கையால் போனை இறுகப் பிடித்தாள்.

"இப்ப எதுக்கும்மா போன் பண்ண?"

"டிக்கெட்டுக்கு வரி மட்டும் உங்க கார்டுல எடுத்திருக்கோம். அதனால ஏர்போர்ட் கவுன்ட்டர்ல கார்டையும் கார்டுக்காரரையும் நேர்ல பார்ப்பாங்க. அதை ஞாபகப்படுத்தத்தான் மேடம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டிக்கெட் கேட்டுப் பேசினது நீங்க இல்லன்னா கம்ப்ளெயின்ட் எழுதிக்கறேன். மொத்தமா கேன்சல் பண்ணி பாயிண்ட்டைத் திருப்பிப் போட்டுடலாம்."

கேன்சல்! அந்த வார்த்தை ஒரு நிமிஷம் வெல்லமாக இனித்தது. புதுச் சட்டையோடு, சக்கரப் பெட்டியோடு கஸ்பார் திருதிருவென்று விழிக்கிற முகம் கண் முன்னால் வந்தது. வேண்டும், நன்றாக வேண்டும் அவனுக்கு. ஆனால் காகித விமானம் விட்ட பையன் என்ன தப்பு செய்தான்? சவேரியாருக்குத்தான் என்ன பதில் சொல்வது? கோபித்துக்கொண்டு எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம் என்றா?

"கம்ப்ளெயின்ட்லாம் வேணாம்மா" என்றாள். "ஞானம்னு ஒரு ஆளு உங்களாண்ட பேசி டிக்கெட் கேட்டுச்சு இல்ல? அந்த ஆளு பேரு டிக்கெட்ல இல்ல. அத்த மட்டும் சரி பண்ணிக் குடு."

"ஒரு பேரை எடுத்துட்டு, அந்த பாயிண்ட்ல உங்க பேரைப் போடலாம் மேடம். புது டிக்கெட்டை ஏர்போர்ட் கவுன்ட்டர்லயே வாங்கிக்கலாம். யார் பேரை எடுக்கணும்?"

ஞானம் யோசிக்கவே இல்லை. "கஸ்பார்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

சாயங்காலம் கஸ்பார் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். ஜூடி துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஞானம் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அத்த கழட்டி மடிச்சி வெய்யி. நீ போவல."

"இன்னா யக்கா சொல்ற?"

"பேங்க்லேர்ந்து போன் வந்துச்சு. மிஸ்டர் ஞானம் கீறாரான்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். உன் பேர எடுத்துட்டு என் பேரு போட்டாச்சு."

கஸ்பார் கத்த ஆரம்பித்தான். "என் பொண்டாட்டி புள்ளைங்கள நீ இட்டுகினு போறதா? நான் இன்னா செத்தா பூட்டேன்? ஊரு சிரிக்காது? இத்தினி பாயிண்டும் நான் தேச்சி வந்தது, தெரியுமா?"

"தேச்ச. கட்டினது யாரு?" அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. கேட்கட்டுமே. "போன்ல ஞானமா ஆனியே, மாசாமாசம் பில் வந்தப்ப ஒரு வாட்டியாவது ஆனியா? அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்தப்ப ஆனியா? டிக்கெட்டுக்கு மட்டும் நீ ஞானம், மத்த எல்லாத்துக்கும் நான் ஞானமா? செத்துப்போன அம்மா பேரச் சொல்லி எடுத்துக்கிறியேடா, வாய் கூசல?"

கஸ்பார் மனைவியின் பக்கம் திரும்பினான். "ஜூடி, நீயே சொல்லு. நான் இல்லாம போவ மாட்டேன்னு சொல்லு."

ஜூடி மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "ஜோவுக்கு நேந்தது அக்காதானே. இட்டுகினு போறதும் அவங்கதானே" என்றாள் மெதுவாக.

ஞானத்துக்கு அதைக் கேட்டும் மனம் ஆறவில்லை. "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா உன் வாயிலேர்ந்து முத்து கொட்டிப் பூடுமா?" என்றாள். ஜூடி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரையும் ஒரே நாளில் மன்னிப்பதற்கு ஞானம் ஒன்றும் சவேரியார் இல்லை.

சத்தம் கேட்டு ஜோ வந்து கதவருகே நின்றான். "அத்த, நீ வரியா?" என்று கேட்டான். குரலில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத வயசு. அவள் அவன் தலையைத் தடவி, "ஆமா ராசா. நாம ரெண்டு பேரும் ஒண்ணா முட்டி போடறோம்" என்றாள். இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சண்டையா என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் கோபம் இன்னும் ஏறியது. சின்ன விஷயம் என்றால் அதைக் கேட்காமலே கொடுத்திருக்கலாமே!

கஸ்பார் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தான். "அப்ப நான் தனியா இன்னா பண்றது யக்கா?" என்றான், அடிபட்ட பிள்ளை மாதிரி.

ஞானம் அடுப்படிக்குள் போய், பச்சையும் நீலமுமாக நாலு பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டு வந்து அவன் காலருகே வரிசையாக வைத்தாள்.

"தண்ணி லாரி வந்தா புடிச்சி வெய்யி. நாய்க்கு சோறு வெய்யி. நீ கீறன்னு நம்பித்தான் நாங்க கெளம்புறோம்."

அப்புறம் அவன் பெட்டியிலிருந்த அவன் துணிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் இரண்டு புடவைகளை வைத்தாள்.