இடுப்பிலிருந்து தரைக்கு

பொருள்களைக் கீழே போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. கண்ணாடி விளக்குகள் செய்யும் கம்பெனியில், பெட்டியில் கட்டிய விளக்கு லாரியிலிருந்து விழுந்தால் தாங்குமா என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் பிரிவில் வேலை. ஒரு தட்டின்மேல் பெட்டியை வைத்து விசையை அழுத்தினால் தட்டு சட்டென்று விலகிக்கொள்ளும். பெட்டி விழும். பிரித்துப் பார்ப்போம். எங்கே உடைந்திருக்கிறதோ அந்த இடத்தில் அடுத்த பெட்டிக்கு ஸ்பாஞ்சைக் கூட்டி வைப்போம். செய்து செய்து காது பழகிவிட்டது. பெட்டி தட்டையாக விழுந்ததா, விளிம்பில் விழுந்ததா, மூலையில் விழுந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். இருப்பதிலேயே மூலைதான் மோசம், கனம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும்.

அதனால்தான் பொடியன் கட்டிலிலிருந்து விழுந்தபோது நான் பார்க்காவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூலை.

பொடியன் என் மகன். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அன்றைக்குக் காலையில் கட்டில் நிறையத் துணி. மடிக்க உட்கார்ந்தவள், என் தொழில் புத்தியைக் காட்டி, அவனைச் சுற்றித் தலையணைகளால் மதில் கட்டினேன். நாலு பக்கமும் இடைவெளி விடாமல் முட்டுக் கொடுத்து, நானே தள்ளி நின்று பார்த்து மெச்சிக்கொண்டேன். பெட்டிக்குள் விளக்கு அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். விளக்குக்குக் கைகால் கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மடித்ததை அலமாரியில் வைக்கத் திரும்பினேன். அவன் மதில்மேல் ஏறி, கட்டிலின் உயரம் போதாதென்று தலையணையின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டு விழுந்தான்.

சத்தம் கேட்டது. அழுகை கேட்கவில்லை. குழந்தை மூச்சை உள்ளே இழுத்து, அழுகையாக வெளியே விடுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறதே, அந்த இடைவெளியில் என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அவன் அழ ஆரம்பித்ததும் நானும் அலறினேன். என் அலறலைக் கேட்டு அவன் இன்னும் பயந்து வீறிட்டான். கீழ் வீட்டிலிருந்து என் நாத்தனார் வாயில் ஊசியோடு ஓடி வந்தார். தையல்காரி அவர், ஊசியை எடுத்து வைக்கவும் நேரமில்லை.

குழந்தை டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நெற்றியில் புடைத்திருந்ததை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். அவர் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பொடியன் பிடித்து இழுத்தான்.

"நல்லாத்தான் இருக்கான். வாந்தி எடுத்தா, எழுப்பியும் எழும்பாம தூங்கினா உடனே தூக்கிட்டு வாங்க. மத்தபடி ஒண்ணுமில்ல. நீங்க முதல்ல தண்ணி குடிங்க, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

யாருமே என்னைத் திட்டவில்லை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தவர் அடித்துப் பிடித்து வந்து, "குழந்தைன்னா விழத்தான் செய்யும், விடு" என்றார். நாத்தனார், "என் பசங்க விழாத இடம் இந்தத் தெருவுலயே இல்ல. சாக்கடையையும் விட்டு வைக்கல" என்றார். அந்த இரண்டு பையன்களும் இப்போது மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஆறுதல்தான். ஆனால் எனக்கு அது எதுவும் ஒட்டவில்லை. எந்தத் தாய்க்கும் நடப்பதுதான் என்கிறார்கள். எந்தத் தாயும் நாள் பூராவும் பொருள்களை விழவைத்துக் கணக்குப் போடுவதில்லையே. எதை எப்படி வைத்தால் விழும் என்று தெரிந்தவள் நான், என் கண்ணெதிரில்கூட இல்லை, என் முதுகுக்குப் பின்னால் என் பிள்ளை விழுந்திருக்கிறான். புடைப்பு வற்றிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை. குக்கர் மூடி விழுந்தால் அது, பக்கத்து வீட்டில் கதவு சாத்தினால் அது.

அன்றிலிருந்து பொடியனுக்கு என் இடுப்புதான் வீடு வாசல் எல்லாம். சமைப்பது ஒரு கையால், பெருக்குவது ஒரு கையால். தரைக்குப் போகவேண்டும் என்று அவன் மீன்போலத் துள்ளுவான். நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டும். என் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிற்று.

கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாயைத் திறந்தார்.

"எந்த லிஃப்ட்டும் எப்பவும் மேலயே நிக்காதும்மா. ரிப்பேரானதுதான் நிக்கும்."

"என்னை ரிப்பேர்னு சொல்றீங்களா?"

"லிஃப்ட்டச் சொன்னேன்."

"நீங்க லிஃப்ட்டச் சொல்லல."

"சரி, சொல்லல. அவனைக் கொஞ்சம் கீழ விடேன், பாவம்."

விட்டேன். ஆனால் வெறுமனே விடவில்லை. என் மூளை சும்மா இருக்குமா? கம்பெனியில் கழித்துக் கட்டின ஸ்பாஞ்சுத் தாள் வீட்டில் கொஞ்சம் கிடந்தது. அதை வெட்டி, ஒரு தொப்பிக்கு அளவெடுத்து, நாத்தனாரிடம் தைக்கக் கொடுத்தேன். அடி பட்ட இடம் நெற்றி என்பதால் நெற்றிக்கு மட்டும் தாள்மேல் தாள் அடுக்கச் சொன்னேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழந்தைக்கா? இல்ல, பைக் ஓட்டப் போறானா?"

"தைச்சுக் குடுங்க அண்ணி."

முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். தாடைக்குக் கீழே கட்ட நாடாவும் வைத்திருந்தார். பொடியனுக்குக் கட்டித் தரையில் விட்டேன். அழகாகத்தான் இருந்தான். இரண்டடி தவழ்ந்தான். தலை முன்னால் தொங்கியது. நிமிர்த்தினான். மறுபடி தொங்கியது. தொப்பியின் விளிம்பு கண்ணுக்கு மேல் இறங்கிவிட்டதால் எதிரே சுவர் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. முட்டினான். ஸ்பாஞ்சு இருந்ததால் வலிக்கவில்லை, ஆனால் முட்டிய வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாடை தரையில் பட்டது. நாடா அழுத்திய இடம் சிவந்துவிட்டது. வீலென்று கத்தினான்.

அன்றுதான் நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"புள்ளைய என்ன பார்சல் அனுப்பப் போறியா நீ? தானே தலைய நிமித்திட்டுத் திரிஞ்ச புள்ள, இப்பப் பாரு, கண்ணக் கட்டி விட்ட மாதிரி முட்டிக்கிட்டு நிக்குது! கழட்டு அதை!"

நான் கழற்றினேன். மேல் கனத்த பெட்டி தானாகவே சாயும் என்பது என் வேலையில் முதல் பாடம். அப்படி ஒரு பெட்டி எவனாவது கட்டிக் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். என் பிள்ளையின் தலையில் கட்டினேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேல் பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது. காப்பாற்றப் போனாலும் அடி படுகிறது என்றால் இவனை நான் எங்கேதான் வைப்பது? பழையபடி இடுப்புக்கே தூக்கிக்கொண்டேன்.

இதற்குள், பிரசவத்துக்கு எடுத்து நீட்டிக்கொண்டே வந்த என் லீவு முடிந்துவிட்டது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். கணவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். "உன் இஷ்டம்" என்றார், ஆனால் அந்த வார்த்தையில் இஷ்டமே இல்லை. நாத்தனார்தான் விடவில்லை.

"ஒரே ஒரு நாள் போயிட்டு வா. என்கிட்ட விட்டுட்டுப் போ. அப்பவும் உனக்கு மனசு கேக்கலைன்னா வேலைய விடு, நான் வேணாங்கல."

ஒப்புக்கொண்டேன். மனதுக்குள் வேறு ஒரு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு நாளில் அவன்மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அன்றோடு வேலைக்கு முழுக்கு. யாரும் எதுவும் பேசக்கூடாது. உண்மையைச் சொன்னால் ஏதாவது கீறல் விழுந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன், விழுந்தால் நிம்மதி என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன். இப்படி நினைக்கிற தாயும் உண்டா என்று அதற்கும் சேர்த்து என்னையே வைதுகொண்டு பஸ் ஏறினேன்.

வேலையில் எல்லாரும் குழந்தையின் போட்டோ கேட்டார்கள். காட்டினேன். புது மாடல் விளக்குகள் சோதனைக்கு வந்திருந்தன. பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு விசைமேல் கையை வைத்தேன், கை அழுத்த மறுத்தது. கூட வேலை செய்கிற பெண் ஒன்றும் கேட்காமல் என்னை நகர்த்திவிட்டு அவளே அழுத்தினாள். நான் பிரித்துப் பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். கை பிரித்தது, கண் முழுக்க ஃபோன்மேல் இருந்தது.

மதியம் தாண்டி அது அடித்தது. நாத்தனார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

என் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கேட்காமல் தட்டை நகர்த்தி வைக்கிற ஆள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"தையல் மிஷின் ஸ்டூல் இருக்குல்ல. அதப் பிடிச்சு எழுந்து நின்னான். முதல் தடவையா நிக்கிறானேன்னு நான் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துட்டே இருந்தேன். ஸ்டூல் நகந்துருச்சு. ஸ்டூல் விளிம்புலயே வாய் பட்டுருச்சு. உதட்டுல ரத்தம். கொஞ்சம்தான், நின்னுருச்சு. பல்லு ஆடல, நான் தொட்டுப் பாத்தேன். டாக்டருக்கு ஃபோன் பண்ணிட்டேன், குளிர்ந்த துணி வைக்கச் சொன்னாரு. அழுகைய நிறுத்திட்டான். பிஸ்கட்டுக்குக் கைய நீட்டுறான்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினார். "நீ நாளையிலேருந்து வேற ஏற்பாடு பண்ணிக்கம்மா. என்னால ஆகாது."

சுவரோரமாக ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்த கீறல் வந்துவிட்டது. ஒப்பந்தப்படி இப்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவன் முதல் தடவையாக எழுந்து நின்றதை நான் பார்க்கவில்லையே என்ற ஆற்றாமையும் அதோடு கலந்து வந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், எல்லாரும் எனக்குச் சொன்னதையே எடுத்துச் சொன்னேன்.

"பரவால்ல அண்ணி, குழந்தைன்னா விழத்தான்..."

"அதெல்லாம் என்கிட்ட சொல்லாத." குரல் உடைந்தது. சாக்கடையில் விழுந்த இரண்டு பேரைத் தூக்கிக் கழுவி வளர்த்தவர், அழுதார். "என் புள்ளைங்க விழுந்தப்ப எனக்கு இப்படி இருந்ததே இல்ல. இது நீ என்னை நம்பிக் குடுத்துட்டுப் போன புள்ள. நான் பாத்துட்டே இருந்தேன்மா. பாத்துட்டே இருக்கும்போதே விழுந்துட்டான்."

இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அன்று திரும்பி நின்றிருந்தேன். அவன் இரண்டு விதமாகவும் விழுந்திருக்கிறான். இத்தனை நாளாக, அன்றைக்கு மட்டும் திரும்பாமல் இருந்திருந்தால், திரும்பாமல் இருந்திருந்தால் என்று நான் உருப்போட்டுக்கொண்டிருந்தேனே, அந்த வாக்கியம் முதல் தடவையாக என் வாயில் வர மறுத்தது.

"இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டேன்.

"என்கிட்டதான்."

"கிட்டன்னா?"

"இடுப்புல."

"எப்பலேருந்து?"

"விழுந்ததுலேருந்து. கீழயே விடல. துணி தைக்கக் குடுத்தவங்க வந்து கதவத் தட்டுனாங்க, அப்பக்கூட இறக்கல."

ஃபோனில் பொடியன் சிணுங்குவது கேட்டது. எனக்கு அந்தச் சிணுங்கல் நன்றாகத் தெரியும். வலியினால் வருவது இல்லை. தரைக்குப் போகத் துள்ளும்போது வருவது.

"கீழ விடுங்க அண்ணி."

"வேணாம்மா."

"விடுங்க."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. இருந்தாலும் விடுங்க. ஸ்டூல சுவத்துல ஒட்டிப் போட்டுட்டு விடுங்க. நாளைக்கும் உங்ககிட்டதான் விட்டுட்டு வரப்போறேன். நாள் பூரா தூக்கி வச்சுக்க உங்க இடுப்பு தாங்காது, எனக்குத் தெரியும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம் ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம். ஃபோனை எங்கேயோ வைத்திருக்கவேண்டும், கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டது. பொத்துப் பொத்தென்று தரையில் இரண்டு உள்ளங்கைகள், அவசரம் அவசரமாக, ஃபோனை விட்டுத் தள்ளித் தள்ளிப் போயின.

"போயிட்டான்மா" என்றார் நாத்தனார்.

"எந்தப் பக்கம்?"

"ஸ்டூல் பக்கம்தான்."

"சரி" என்றேன். "பக்கத்துல உக்காருங்க. மறுபடி நின்னான்னா எனக்குச் சொல்லுங்க."