தீபன் கட்டிப்போட்ட காடு

மே மாதம் பதினெட்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு, எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் நட்டு இருபத்திரண்டு நாளே ஆன காடு ஒன்று கடலுக்குப் போனது. அறுநூற்றுப் பன்னிரண்டு அலையாத்திக் கன்றுகள், ஒன்றுகூடப் பின்தங்காமல், முகத்துவாரத்துப் பாலத்துக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாகப் போயின. மீன்பிடித் தடைக்காலம் ஆகையால் அன்று வஞ்சிரம் கிலோ ஆயிரத்து நானூறு விற்றது. பாலத்தின்மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் காடு வருவதைப் பார்த்தார்கள். நரம்பு சிக்கிக்கொள்ளாமல் தூண்டிலை மேலே தூக்கி வழிவிட்டார்கள். அதற்குமேல் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

காடு தீபனுடையது. அதாவது, கோடைப் பயிற்சிக்கு வந்த முப்பது பேருக்கும் ஆளுக்கொரு துண்டு சேற்றை அளந்து கொடுத்ததில், ஆறாம் நம்பர் துண்டு தாழங்குப்பம் மனோகரன் மகன் தீபனுக்கு விழுந்தது. மனோகரன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வருடக் கடல். அவருடைய ஒரே மகனுக்கு இருபத்தொரு வயதாகியும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது அலையைத் தாண்டுவதற்குள் முதல் வாந்தி. கரை மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போலிருக்கும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தான், இஞ்சியைக் கடித்துப் பார்த்தான், கோயிலில் மந்திரித்த கயிற்றையும் தர்காவில் ஓதிய கயிற்றையும் ஒரே கையில் கட்டிப் பார்த்தான். கயிறுகள் இரண்டும் சண்டை போடாமல் ஒற்றுமையாக இருந்தன. வாந்தி மட்டும் நிற்கவில்லை. குப்பத்தில் எவனாவது பேச்சுவாக்கில் மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுக்கணுமா என்று சொல்லிவிட்டால், சொன்னவனே நாக்கைக் கடித்துக்கொண்டு மனோகரனைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி தடை தொடங்கி, விசைப்படகுகளெல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்த சமயத்தில், கடலோரக் காடு வளர்ப்பு அலுவலகம் என்று ஒன்று குப்பங்களில் நோட்டீஸ் ஒட்டியது. சும்மா இருக்கும் இளைஞர்களுக்கு வனப் பயிற்சி. காக்கிச் சட்டையும் தொப்பியும் உண்டு, மதியம் எலுமிச்சை சாதம் உண்டு. தடைக்காலத்தின் கடைசி நாளில் யாருடைய துண்டில் நூற்றுக்கு எண்பது கன்று நட்ட இடத்தில் உயிரோடு இருக்கிறதோ அவருக்குக் காட்டுக் காவலர் வேலை. தீபன் அந்தக் காகிதத்தை நான்கு தரம் படித்தான். காடு என்றால் தரை. தரை என்றால் ஆடாது. வாழ்க்கையிடம் அவன் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். மனோகரனும் ஒரு மாதிரி ஒப்புக்கொண்டார். "தடை முடியறதுக்குள்ள வேலைக் காயிதத்தோட வூட்டுக்கு வா, அப்பால உன்ன நான் கூப்புடவே மாட்டேன். இல்லாங்காட்டி ஜூன் பதினஞ்சாந்தேதி விடியசொல்லோ போட்ல குந்திகினு இருக்கணும், இன்னா?" என்றார். தாய் பவுனம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, புள்ள சரின்னு தலையாட்டினதுக்கு நான்தான் சாட்சி என்றாள்.

பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி சுப்புராஜ் தென்காசிப் பக்கத்துக்காரர். வேங்கையும் தேக்கும் பார்த்து வளர்ந்த மனிதர். முழங்கால் சேற்றில் இறங்கி மரம் நடுவார்கள் என்பதே அவருக்கு இங்கே வந்துதான் தெரியும். சேறும் சாதாரணச் சேறு இல்லை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்து கஞ்சி பதத்தில் கிடந்தது. நட்ட கன்று நிற்காமல் சாய்ந்தது. முட்டுக் கொடுக்க மூங்கில் கேட்டு எழுதியிருந்தார்கள். மூங்கில் வருகிறது வருகிறது என்று கடைசிவரை வந்துகொண்டே இருந்தது. எதையாவது வைத்துக் கட்டுங்கப்பா என்று சுப்புராஜ் கையை விரித்துவிட்டார். பக்கத்துத் துண்டுக்காரி நவ்ரீன், தொண்டையார்பேட்டை டோல்கேட்டிலிருந்து வருகிறவள், கல்லூரியில் தாவரவியல் படிக்கிறவள், வீட்டில் கிடந்த திரைச்சீலைக் கம்பிகளைக் கொண்டுவந்து முறையாக முட்டுக் கொடுத்தாள். தீபன் அப்பாவின் கொட்டகையிலிருந்து பழைய வலைக் கயிற்றை எடுத்துவந்து, ஒவ்வொரு கன்றையும் ஒரு கருங்கல்லில் கட்டி, கல்லைச் சேற்றுக்குள் புதைத்தான்.

இதுவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வயிற்றுக்குத்தான் கடலோடு பகையே தவிர, தீபனின் கை மீனவன் கை. படகை நங்கூரக் கல்லில் கட்டும்போது ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், கயிற்றைத் தளர்த்தி விடுவார்கள். தண்ணீர் ஏறினால் படகும் கூடவே ஏற வேண்டுமே. அவன் கை அறுநூற்றுப் பன்னிரண்டு கன்றுக்கும் ஒரு பாகம் தளர்வு விட்டது. படகை எப்போதும் மூக்கு கடலைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள். கன்றுக்கு மூக்கு எது என்று யோசித்து, இலை அடர்ந்த பக்கத்தை மூக்கு என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கிழக்கே பார்க்க நட்டான். முதல் கன்றுக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரமும் காட்டினான். நவ்ரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கன்னு இன்னா ஊருக்கா போவப்போவுது? இவ்ளோ கயிறு வுட்டுகீற?"

"தண்ணி ஏறிச்சின்னா இன்னா பண்ணும் அது? பாவம்" என்றான் தீபன்.

மூக்கைக் கடல்பக்கம் திருப்பி, கயிற்றில் தளர்வும் விட்டு, கற்பூரமும் காட்டிவிட்டால் எதுவானாலும் தன்னைப் படகு என்றுதான் நினைத்துக்கொள்ளும். கன்றுகளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. இருபத்திரண்டு நாள் யோசித்துவிட்டுக் கிளம்பின.

காடு கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போய், காட்டுப்பள்ளிக்கு நேராக நின்றுகொண்டது. கயிறு எதுவும் அறவில்லை. எல்லாம் அந்த இரண்டு கிலோமீட்டருக்கும் வளர்ந்திருந்தன. நைலான் கயிறு வளர்வது அபூர்வம்தான். ஆனால் இது இருபது வருடம் உப்புத் தண்ணீர் குடித்த கயிறு. கடல் காற்றில் கன்றுகள் பத்தே நாளில் ஆள் உயரம் வளர்ந்தன, வேரோடு வேர் பின்னிக்கொண்டன, அடியில் மடவையும் இறாலும் குடியேறின. துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்று காட்டைப் பார்த்து ஊதிவிட்டு, அது நகராததால் தானே சுற்றிக்கொண்டு போனது. சுப்புராஜ் மேலிடத்துக்கு எழுதினார். கடலில் இருப்பது காடு ஆகாது என்று மேலிடம் பதில் எழுதியது. படகுகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து, பதிவு எண் இல்லாமல் தடைக்காலத்தில் கடலுக்குச் சென்றது ஏன் என்று காட்டின் பெயருக்கே ஒரு விளக்கக் கடிதம் வந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அதை ஒரு கிளையில் செருகிவிட்டுப் போனார்கள். சுப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தென்காசிக்கு மாற்றல் கேட்டு அவர் எழுதிய மனுவில், காரணம் என்ற இடத்தில் 'காடு' என்று மட்டும் இருந்தது.

தீபனுக்கு வேறு வழியில்லை, காட்டைப் பார்க்கக் கடலுக்குத்தான் போக வேண்டும். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லாததால் மனோகரன் ஒன்றை இரவல் வாங்கி மகனை ஏற்றிக்கொண்டார். போகும் வழியில் பதினொரு தரம் வாந்தி எடுத்தான். மனோகரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தீபனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். படகைக் காட்டோரம் அணைத்ததும் தவழ்ந்து வேர்களின்மேல் ஏறினான். ஏறிய மறுநிமிடம் தலைக்குள் சுற்றிய ராட்டினம் நின்றுவிட்டது. சுற்றிலும் அலை அடிக்கிறது, கயிறுகள் முனகுகின்றன, காலடியில் மட்டும் ஆட்டம் இல்லை. நடந்து பார்த்தான், குதித்துப் பார்த்தான், எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து முழுதாகத் தின்றும் பார்த்தான். வயிறு சத்தம் போடவில்லை. பிறந்ததிலிருந்து கடலில் அவன் உண்ட முதல் சோறு அது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

ஆனால் நட்ட இடத்தில் என்று நோட்டீஸில் இருக்கிறதே. மற்ற இருபத்தொன்பது துண்டுகளிலும் கன்றுகள் நட்ட இடத்தில் கச்சிதமாக நின்றன, உயிரோடுதான் இல்லை. நவ்ரீன் வைத்த அறுநூறில் நாற்பது பிழைத்தது, அதுவே மற்றவர்கள் பொறாமைப்படும் கணக்கு. தீபனுடையது அறுநூற்றுப் பன்னிரண்டும் உயிரோடு இருந்தது. ஒன்றுகூட இடத்தில் இல்லை. சோதனை ஜூன் பதினான்காம் தேதி. பன்னிரண்டாம் தேதி காலை மனோகரன் குப்பத்து ஆட்களைக் கூப்பிட்டார். கரைவலை இழுப்பதுபோல எண்பது பேர் கயிற்றைப் பிடித்து, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். பவுனம்மாள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். மதியத்துக்குள் காடு பாலத்தைத் தாண்டிக் கழிமுகத்துக்குள் வந்துவிட்டது, இன்னும் நூறு அடி இழுத்தால் ஆறாம் நம்பர் துண்டு. சுப்புராஜ் சேற்றில் நின்று கைதட்டினார்.

சாம்பல் சேற்றில் வேர் பட்டதும் காடு நடுங்கியது. முன்வரிசை மரங்கள் மஞ்சளாகி, கொத்துக் கொத்தாக இலையைக் கக்கின. கக்கிவிட்டுத் தலையைத் தொங்கவிட்டன, மறுபடியும் கக்கின. மரம் இலை உதிர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இது உதிர்ப்பு இல்லை என்பது தீபனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? "வுட்டுடுங்க!" என்று கத்தினான். யாரும் விடவில்லை. இன்னும் நூறு அடிதான்டா, உன் பொழப்புடா என்றார்கள். தீபன் பயிற்சிக்கென்று கொடுத்த காக்கிச் சட்டையைக் கழற்றிச் சேற்றில் எறிந்துவிட்டு, "அதுக்கு ஒத்துக்கல நைனா. கண்ணுக்குத் தெர்ல? வுட்டுடு. நான் போட்ல வரேன், இன்னா ஆனாலும் வரேன்" என்றான். மனோகரன் மரங்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு மரங்களைப் பார்த்தார். முதலில் கயிற்றை விட்டது அவர்தான். அவர் விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள். காடு பத்து நிமிடத்தில் கடலில் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பதினான்காம் தேதி சோதனைக்கு மேலதிகாரி சபீஹா வந்தார். இடம் காட்டும் கருவி ஒன்றும், இரண்டு கட்டம் போட்ட படிவமும் அவர் கையில் இருந்தன. ஆறாம் நம்பர் துண்டில் சேறும் கயிறும்தான் இருந்தன. பைனாகுலரில் எண்ணி, உயிரோடு என்ற கட்டத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். நட்ட இடத்தில் எத்தனை என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்ல மேடம்" என்றான் தீபன். சுப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டார். சபீஹா பூஜ்யம் போடப் போன சமயம், சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு நின்றிருந்த மனோகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், எங்க ஊர்ல ஒரு போட்டு எங்க கீதுன்னு கேட்டா, போட்ட பாக்க மாட்டோம். கல்லு எங்க கீதுன்னு பாப்போம். காத்தடிச்சா போட்டு இப்டி போவும், அப்டி போவும். அதுக்கோசரம் போட்டு காணாப்பூட்சின்னு எவனும் சொல்ல மாட்டான். எங்க பஞ்சாயத்துல தொன்றுதொட்டு இதான் நாயம். கல்லு இங்க கீது, கயிறு அறுவல. அப்போ மரம் இங்கதான் கீது."

இந்த வழக்கில் ஜெயித்தால் மகன் தன் படகில் ஏறப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினார், குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சபீஹா பேனாவை மூடிப் படிவத்தில் செருகினார். பிறகு புடவையை உயர்த்திச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, கையை விட்டுத் துழாவி, கருவியை ஒரு கல்லின்மேல் வைத்துப் பார்த்தார். கல் நட்ட இடத்தில் இருந்தது. அடுத்த கல்லும் இருந்தது. நவ்ரீனும் இறங்கி உடன் எண்ணினாள். சாயங்காலம் நாலேமுக்காலுக்கு இரண்டாவது கட்டத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, காற்றுக்கு ஏற்ப அசைவு உண்டு என்று பக்கத்தில் சிறிதாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் தேதி விடியற்காலை காசிமேட்டிலிருந்து படகுகள் கிளம்பின. மனோகரனின் படகு அன்று தெற்கே போக வேண்டியது. டீசல் வீண் என்று கூட வந்த ஆட்கள் முணுமுணுக்க, அவர் வடக்கே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டோரமாகப் போனார். துவைத்த காக்கிச் சட்டையும் தொப்பியுமாகத் தீபன் வேர்களின்மேல் நின்றிருந்தான். கை இரண்டையும் விட்டுவிட்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல், நடுக்கடலில் நேராக நின்றிருந்தான். தன் மகன் அப்படி நின்று மனோகரன் அதுவரை பார்த்ததில்லை. ஹாரனை ஒருதரம் அடித்துவிட்டு, யாரும் முகத்தைப் பார்த்துவிடாதபடி படகைத் தெற்கே திருப்பினார்.

முதல் மாதம் தீபனை வேலைக்குக் கொண்டுபோய் விட்ட ஃபைபர் படகில் தினமும் பதினொரு தரம் வாந்தி நடந்தது. காடு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆடி பிறந்ததிலிருந்து காலை எட்டு மணிக்குத் தானே தாழங்குப்பம் மணலோரம் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய், ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பவுனம்மாள் சோறு கட்ட நேரமானால் பத்து நிமிடம் நிற்கும். அதற்குமேல் நிற்பதில்லை, அன்றைக்குத் தீபன் எண்ணூர் அலுவலகத்துக்கு நடந்துபோய் இன்னும் மாற்றல் கிடைக்காத சுப்புராஜிடம் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுக்கிறான்.