இடைவேளைக்கு முன் ஓர் அறை

முதுகுக்குத் தலையணை கொடுத்து மகள் அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்தபோது, டிவியில் கதாநாயகி காரிலிருந்து இறங்கி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வை" என்றார் அப்பா. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

நாற்பது வருடத்துக்கு முந்தைய காதல் நகைச்சுவைப் படம். தியேட்டர் ஆபரேட்டராக இருந்தபோது அப்பா நூற்றிருபது நாள் ஓட்டியது. திமிர் பிடித்த பணக்காரப் பெண். அவளை அடக்கிக் காட்டுவதாக அவளுடைய அப்பாவிடமே பந்தயம் கட்டி, டிரைவர் வேஷத்தில் வரும் மாப்பிள்ளை. கல்யாணமாகி, இடைவேளைக்குச் சற்று முன்னால் ஓங்கி ஓர் அறை விடுவான். தியேட்டரே விசிலடிக்கும். பெண்கள் பக்கத்திலும் கைதட்டுவார்களாம்.

வீட்டிலும் அந்தப் படம்தான் சட்டம். மகள் குரலை உயர்த்தினாலும், அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னாலும் அதிலிருந்து ஒரு வசனம் வரும். ஜோக்காகத்தான் வரும். யாரும் சிரிக்காவிட்டால் அது ஜோக்காக இருக்காது.

கல்யாணமான இரண்டாம் வருடம், புருஷன் அறைந்ததில் செவிப்பறை கிழிந்து அவள் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "கடைசி ரீல்ல எல்லாம் சரியாயிடும்மா, பொறுமையா இரு" என்று பஸ்ஸில் சொல்லிவிட்டு, அவரே சிரித்துக்கொண்டார். மூன்று வருடம் பொறுமையாக இருந்தாள். அப்புறம் யாரையும் கேட்காமல் வேறு ஊருக்குப் போய், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். அப்பாவுக்கு ஈரல் போய்விட்டது, இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொன்ன பிறகு லீவு போட்டு வந்திருக்கிறாள்.

"ஏய், வந்துடுச்சு" என்று அப்பா சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். எப்போதும்போல அம்மா கையைத் துடைத்தபடி வந்து நிலைப்படியில் நின்றாள்.

டிவியில் அறை விழுந்தது. அப்பாவின் தோள் குலுங்கியது. அம்மா சிரித்தாள்.

பிறகு அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இப்பல்லாம் இத ஒத்துக்க மாட்டாங்க. தப்புதான்." மூச்சு வாங்கியது.

பதினாறு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டிலோரம் குனிந்தாள்.

"சினிமா வேற, வாழ்க்கை வேற. அதனாலதான் உன்ன நான் திருப்பி அனுப்பல" என்றார்.

"அனுப்புனீங்கப்பா. நீங்கதான் கொண்டுபோய் விட்டீங்க."

"இல்லம்மா." சின்னப் பிள்ளையைத் திருத்துவதுபோல் தலையாட்டினார். "வாசல்லயே நிறுத்தி அவன வெரட்டி விட்டேனே. மறந்துட்டியா?"

பொய் சொல்கிற கண்கள் இல்லை அவை. அவள் அம்மாவைப் பார்த்தாள். "பால் பொங்கிடும்" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

"பஸ்ஸுல போனோம்ப்பா. பெட்டிய நீங்க மடியில வச்சிருந்தீங்க. எனக்குக் காதுல பஞ்சு. அந்த வீட்டுல உங்களுக்கு டீ குடுத்தாங்க. முழுசா குடிச்சிட்டுத்தான் கிளம்புனீங்க..."

அப்பா கண்ணை மூடியிருந்தார். டிவியில் தோட்டத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து அவர் கையைத் தொட்டபோது அது உயிரில்லாமல் சரிந்தது. எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை.

கதாநாயகி புருஷன் காலில் விழும் இடம் வருவதற்குள் அம்மா வந்து டிவியை அணைத்தாள்.

மறுநாள் காலை கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பழைய நண்பர், எல்லோருக்கும் டிக்கெட் மாமா, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாங்கல்லாம் பொண்ணுன்னா அடங்கிப் போகணும்னு நெனச்ச ஆளுங்க. இவன் அப்பவே வேற மாதிரி. பொண்ணு காதுல ரத்தத்தோட வந்து நிக்குது, பின்னாடியே மாப்பிள்ள. இவன் வாசல மறிச்சுக்கிட்டு, 'என் பொண்ணு ஒண்ணும் சினிமாக் கதாநாயகி இல்லடா, போடா'ன்னான். என்ன அண்ணி, சரிதானே?"

"ஆமா, அப்படித்தான் சொன்னாரு" என்றாள் அம்மா.

"குடுத்து வச்சவ" என்றது பெண்கள் நடுவிலிருந்து ஒரு குரல். எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"ஏம்மா ஆமான்னு சொன்ன?"

அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"அந்தக் கதையில நானும் வர்றேன்டி. உன் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவேன். உங்கப்பா அதையும் சொல்லுவாரு."

"நெஜத்துல?"

"நெஜத்துல உன் புடவையெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சது நான்தானே."

கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. புதிதாக வந்தவர்களுக்காக டிக்கெட் மாமா கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மகள் கதவோரம் நின்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். எட்டுப் பேர். எட்டு டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்து, சிந்தாமல் டீ ஊற்றினாள்.