வேறு எதுவும் வெளியே போகாது

திருத்தக்காவின் வீட்டிலிருந்து ஒரு வருடம் இரண்டு மாதத்துக்கு எதுவும் வெளியே போகவில்லை. ஆள் போகவில்லை, குப்பை போகவில்லை, வெங்காயம் வதக்கிய வாசனைகூடப் போக வழியில்லாமல் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாசற்கதவு திறக்கத்தான் செய்தது. ஆனால் வலது காலைத் தூக்கி வெளியே வைத்தால் அது குளியலறை வாசலில் வந்து இறங்கியது. அச்சகத்துக்குப் பிழை திருத்துவது அவளுக்கு வேலை. யார் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்துவது பழக்கம். தெரு அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தது அதனால்தான். இந்த வினையும் அவள் திருத்தியதால் வந்ததே.

மாதச் சந்தா கட்டினால் தபாலில் படம் அனுப்புகிற நிறுவனம் ஒன்று இருந்தது. ஒரு டிவிடி வரும். பார்த்துவிட்டு அதே உறையில் போட்டு அனுப்பினால் அடுத்தது வரும். சேரும்போது நிரப்பிய படிவத்தில், 'ஏழு நாளில் டிவிடி திரும்பி வராவிட்டால் வேறு எதுவும் வெளியே போகாது' என்று ஒரு வரி. எங்கிருந்து வெளியே என்று சொல்லாமல் இது என்ன வாக்கியம் என்று அவளுக்குக் கை பரபரத்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, நடுவில் கூரை போல ஒரு சேர்ப்புக்குறி போட்டு, 'வீட்டை விட்டு' என்று சேர்த்துக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். நிறுவனம் நன்றி சொல்லி, திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதில் எழுதியது. இப்படி வம்பை விலை கொடுத்து வாங்கியவர்கள் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவளும், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவரும், தங்கையும், எந்தப் படத்துக்கும் பாதியில் வந்து சேர்வதால் இடைவேளை என்று பெயர் வாங்கிய குழாய் வேலைக்காரரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்தபின் படம் சரியா தப்பா என்று சண்டை. நால்வரும் ஒத்துப்போன பிறகுதான் டிவிடி உறைக்குள் போகும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். பிறகுதான் அந்த மாயக்கோட்டைப் படம் வந்தது. ஏழு பாகப் புத்தகத்திலிருந்து எடுத்தது; ஏழும் திருத்தக்காவுக்கு மனப்பாடம். படத்தில் கோட்டையின் இளைய மகள் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

"புத்தகத்துல அவ திரும்பி வந்துடுவா. மூணாம் பாகம், கடைசிக்கு முந்தின அத்தியாயம். யாரைக் கேட்டு மாத்தினாங்க?" என்றாள்.

"அவ போனாத்தானே படம்! திரும்பி வந்தா பாதிக் காசைத் திருப்பித் தரணும்" என்றார் இடைவேளை.

தங்கைக்கு அந்த வாரம்தான் வேறு ஊரில் ஒரு படக் கம்பெனியில் வசனம் எழுதும் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அம்மா தவறிப்போனபோது அவளுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்குக் கண் விழித்தது வரை எல்லாம் அக்காதான். அவள் இல்லாத வீட்டைத் திருத்தக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்து போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆகவே படத்தின் மேல் பழியைப் போட்டு, ஒத்துப்போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கெடு முடிந்த எட்டாம் நாள், விவாதத்தை முடித்துவைக்கிறேன் பேர்வழி என்று உள்ளே வந்த இடைவேளையும் மாட்டிக்கொண்டார். அவர் மனைவி நாலு செட் துணியை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, ஏதோ பாரம் குறைந்த முகத்தோடு போனாள். எதிர்வீட்டார் காய்கறி நீட்டினார்கள். அச்சகத்திலிருந்து தாள்கள் வந்தபடி இருந்தன, திரும்பிப் போகவில்லை. தங்கையின் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

வெளியே போகக்கூடிய ஒரே பொருள் அந்த டிவிடி. தபால்காரர் தினம் பதினோரு மணிக்கு ஜன்னலோரம் நின்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போவார். "அதை அனுப்பித் தொலையேன்" என்று கணவர் கெஞ்சினார், கத்தினார். அவள் அதைப் பெரிய அகராதிக்குள் வைத்துத் தலைமாட்டில் போட்டுப் படுத்தாள். சனிக்கிழமை மட்டும் எடுத்து ஓடவிட்டு, அது தப்பு, இது தப்பு என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"அக்கா, வேலை போனாப் போகுது. எனக்கு மூச்சு முட்டுது. நான் போகணும்" என்றாள் தங்கை.

"விவாதம் முடியட்டும்டீ" என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

பதினான்காம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, திரையில் கோட்டைக் கதவு திறந்தபோது தங்கை எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "வரேன் அக்கா, வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு, பேருந்தில் ஏறுவதுபோல் ஒரு கையால் டிவியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே ஏறிவிட்டாள். வீட்டுக்குள்ளேயே இருந்தும் பாதியில்தான் வந்து உட்காரும் இடைவேளை அன்று முதல் முறையாகப் படத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

திருத்தக்கா ஓடிப்போய்ப் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். ஓட்டிப் பார்த்தால், கோட்டை வாசலில் இளைய மகளுக்குப் பின்னால் தங்கை நாலு விநாடி நிற்கிறாள். மகள் தாண்டிப் போகிறாள், இவள் நிற்கிறாள். டிவிடி வீட்டுக்குள் இருக்கும்வரை அவளாலும் தாண்ட முடியாதுபோல. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அக்காவுக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. எங்கும் போய்விடவில்லை, நினைத்தபோது பார்க்கலாம். ஒன்பது நாள் அந்த நாலு விநாடியையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்தாம் நாள் பார்க்கும்போது, தங்கை பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றியிருந்தாள். கனத்திருக்கிறது, பாவம். திருத்தக்கா டிவியை அணைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். பிறகு உறையைத் தேடி எடுத்து ஒட்டி, பதினோரு மணிக்குத் தபால்காரர் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் டிவிடி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; வெங்காய வாசனை தெருவுக்குப் போனது. இடைவேளை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். கணவர் கடையைத் திறந்து தூசி தட்டினார். திருத்தக்கா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அதே படத்தைக் கேட்டு மறுபடி எழுதிப் போட்டாள். நிறுவனத்திடம் இருந்தது ஒரே பிரதி; முன்னால் இருபது வீடு காத்திருந்ததால் அது வர எட்டு மாதம் ஆனது. அதில் தங்கை வாசலைத் தாண்டி, அகழிப் பாலத்தின் நடுவில் இருந்தாள். அடுத்த தடவை பாலத்துக்கு அப்பால், மண் சாலையில். ஒவ்வொரு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறாள் என்று புரிந்தது. மற்ற சந்தாதாரர்கள், புத்தகத்தில் இல்லாத இந்தப் பை மாட்டிய பெண் யார் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. அவள் இருப்பதுதான் படத்துக்கு அழகு என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

ஆறாவது வருடம் வந்தபோது அவள் சாலை திரும்பும் இடத்தில் ஒரு புள்ளியாக இருந்தாள். திருத்தக்கா திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"அடுத்த தடவை தெரியமாட்டா. ஏழு நாள் இருக்கே, ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டு அனுப்பேன்" என்றார் கணவர்.

"வேண்டாங்க. அவ நடக்கட்டும்" என்று சொல்லி, அவள் உறையின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.